கமாவும் கொழுந்துக் கணக்கும்

சிஎஸ்வி என்பது வெறும் எழுத்தும் எண்ணும் கொண்ட உரைக் கோப்பு. ஒரு வரிக்கு ஒரு பதிவு. வரிக்குள் ஒரு புலம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஒரு கமா. கட்டமும் நிறமும் சூத்திரமும் அதில் இல்லை. எந்தக் கணினியும் எந்த மென்பொருளும் அதைப் படிப்பதற்குக் காரணம் இந்த எளிமைதான். ஒரு கோப்பை இன்னொன்றோடு சேர்க்கும் வேலையில் வரும் தொல்லைகளில் பாதிக்கும் அதுவே காரணம். கமா மனிதர்கள் அன்றாடம் எழுதும் குறி. முகவரியிலும் தொகையிலும் பெயருக்குப் பின்னால் வரும் இனிஷியலுக்கு முன்னாலும் அது வரும். பிரிப்பதற்கென்று வைத்த குறி தகவலுக்குள்ளேயும் வந்துவிட்டால், படிக்கும் நிரல் அங்கேயும் ஒரு வெட்டுப் போடும். அந்த வெட்டுக்குப் பிறகு வரும் புலங்கள் எல்லாம் ஓரிடம் தள்ளிப் போய் உட்காரும்.

இந்த முறைக்கு விதியை விடப் பழக்கம் மூத்தது. 1972-இலேயே ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் கம்பைலர் ஒன்று கமாவால் பிரித்த மதிப்புகளை உள்ளீடாக ஏற்றுக்கொண்டது. 1983 வாக்கில், ஆஸ்போர்ன் எக்ஸிகியூட்டிவ் கணினியோடு கொடுக்கப்பட்ட சூப்பர்கால்க் மென்பொருளின் விளக்கத்தில் சிஎஸ்வி என்ற பெயர் இருந்தது. ஆனால் கமாவை எப்படிக் கையாள வேண்டும் என்று பொதுவாக எழுதிவைத்த ஆவணம், யாகோவ் ஷாஃப்ரானோவிச் எழுதிய ஆர்எஃப்சி 4180, 2005 அக்டோபரில்தான் வந்தது. அதுவும் தகவலுக்கான ஆவணமே தவிரக் கட்டாயத் தரம் அல்ல. அதற்குள் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டுவிட்டது. சிஎஸ்வி என்ற ஒரே பெயரில் பல வழக்கங்கள் புழங்குவது இதனால்தான்.

நீலகிரியில் இந்தக் கோப்பு அதிகம் புழங்கும் இடம் தேயிலைத் தொழிற்சாலையின் கணக்கறை. தேயிலை வாரியத்தின் வரையறைப்படி 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை தேயிலை வைத்திருப்பவர் சிறு விவசாயி. மாவட்டத்தில் பெரும்பாலானவர்களின் நிலம் அதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது. அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் பறித்த கொழுந்தை மூட்டை கட்டிச் சாலையோரம் வைப்பார்கள். இலை லாரி வரும். அங்கேயே எடை போட்டுச் சீட்டு கொடுப்பார்கள். கொழுந்தை வெளியிலிருந்து வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைக்கு அந்தச் சீட்டுதான் அடிப்படைக் கணக்கு. சப்ளையர் எண், தேதி, மொத்த எடை, ஈரத்துக்கும் முற்றிய இலைக்கும் கழித்தது, நிகர எடை என்று ஒரு நாளில் ஒருவருக்கு ஒரு வரி விழும். மாத முடிவில் அந்த வரிகளைக் கூட்டி, மாத விலையால் பெருக்கி, முன்பணத்தையும் உரக்கடனையும் கழித்தால் கைக்கு வரும் பணம் தெரியும்.

2016 நவம்பர் 8-இல் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகு, மலையில் கொழுந்துப் பணமும் தோட்டக்கூலியும் அவசர அவசரமாக வங்கிக்கு மாறின. அதுவரை பேரேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரொக்கமாகக் கொடுத்துவந்த இடங்களில் வங்கிக்கு அனுப்பப் பட்டியல் கேட்டார்கள். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் இருந்த ஒரு தொழிற்சாலையில் அந்தக் குளிர்காலத்தில் நடந்த பட்டியல் இணைப்பு இந்தப் பொருளுக்கு நல்ல பாடம். அந்த வேலையின் நினைவிலிருந்தே கீழே உள்ளவை சொல்லப்படுகின்றன. அங்கே சேர்க்கவேண்டியவை மூன்று கோப்புகள். எடைத் தராசோடு இணைந்த மென்பொருளிலிருந்து வந்தது கொழுந்துக் கணக்கு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு டிடிபி கடையில் தட்டச்சு செய்து வாங்கியது சப்ளையர்களின் பெயரும் முகவரியும். இலை ஏஜென்ட்டுகள் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து எக்ஸெலில் போட்டுக் கொடுத்தது வங்கிக் கணக்கு எண்கள். மூன்றும் சிஎஸ்வி என்றே வந்தன. மூன்றும் மூன்று விதம்.

பொதுவாக முதலில் சிக்கல் கொடுப்பது முகவரி. மலையில் முகவரி நீளமானது. தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாத ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) ஊர், அஞ்சல், வட்டம் என்று அடுக்கித்தான் எழுத வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒரு வரியை இப்படி வைத்துக்கொள்ளலாம்:

0412,போஜன், எச்.,நடுஹட்டி, கட்டபெட்டு, கோத்தகிரி,643217

எழுதியவரின் மனதில் இதில் நான்கு புலங்கள்தான்: எண், பெயர், முகவரி, பின்கோடு. நிரலின் கண்ணுக்கு ஏழு. மூன்றாவது இடத்தில் முகவரியை எதிர்பார்க்கும் நிரலுக்கு அங்கே ‘எச்.’ கிடைக்கும், நான்காவதில் பின்கோட்டுக்குப் பதில் ‘நடுஹட்டி’. எண் மட்டுமே வரவேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் சில மென்பொருள்கள் நின்றுவிடும். நின்றுவிட்டால் நல்லது. எக்ஸெல் நிற்காது; ஏழு நெடுவரிசைகளாகப் பரப்பிக் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். திறக்க மறுக்கும் கோப்பால் யாருக்கும் நட்டமில்லை, தவறாகத் திறந்துகொள்ளும் கோப்பால்தான் பணம் இடம் மாறும்.

இதற்கான முறை பழையது, எளியது. கமா வரக்கூடிய புலத்தை இரட்டை மேற்கோள்குறிக்குள் வைக்க வேண்டும். மேற்கோள்குறி திறந்து மூடும் வரை உள்ளே எத்தனை கமா இருந்தாலும் அவை எழுத்தின் பகுதியே. அதே வரி,

0412,"போஜன், எச்.","நடுஹட்டி, கட்டபெட்டு, கோத்தகிரி",643217

என்று வந்தால் புலங்கள் நான்குதான். மேற்கோள்குறியே தகவலுக்குள் வந்தால் அதை இரண்டு முறை எழுத வேண்டும். ‘பேக்கரி’ என்று யாரோ மேற்கோள் போட்டுக் குறித்துவைத்த ஓர் அடையாளம், """பேக்கரி"" எதிரில்" என்றுதான் கோப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிரல் புலம் அங்கேயே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். கையால் கோப்பைத் திருத்துகிறவர்கள் செய்யும் இன்னொரு பிழை, கமாவுக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு மேற்கோள்குறியைத் திறப்பது. கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் புலம் இடைவெளியில் தொடங்குவதால் பல நிரல்கள் பின்னால் வரும் குறியைத் திறப்புக்குறியாக மதிப்பதில்லை. பைத்தானின் சிஎஸ்வி தொகுதியில்கூட முன் இடைவெளியைத் தாண்டச் சொல்லித் தனியாக ஆணையிட வேண்டும்.

மேற்கோள் போட மறந்த கோப்பு கைக்கு வந்தபின் எல்லாரும் முதலில் நினைப்பது, வேண்டாத கமாக்களை எல்லாம் ஒரே தட்டில் அழித்துவிடலாம் என்பது. அந்தக் கணக்கறையிலும் அதைத்தான் முதலில் செய்தார்கள். வேண்டிய கமா எது, வேண்டாதது எது என்று கணினிக்குத் தெரியாது. நிரல் வழியாகச் செய்யக்கூடிய ஒரே நியாயமான காரியம், ஒவ்வொரு வரியிலும் எத்தனை கமா என்று எண்ணி, எண்ணிக்கை மாறிய வரிகளைத் தனியே எடுத்து மனிதக் கண்ணுக்கு முன் வைப்பது. கடைசிப் புலம் ஆறு இலக்கப் பின்கோடு, முதல் புலம் நான்கு இலக்க எண் என்ற உறுதி இருந்தால் இரண்டு ஓரங்களிலிருந்தும் நெருக்கி நடுவில் உள்ளதை மீட்கலாம். பெயருக்கும் முகவரிக்கும் நடுவில் எங்கே வெட்டுவது என்பதை அந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும். அதைவிட நல்லது, கோப்பைக் கொடுத்தவரிடமே திரும்பப் போய், மேற்கோளோடு இன்னொரு முறை வாங்குவது. வாங்குகிற இடத்தில் செய்யும் எந்தத் திருத்தமும் ஓரளவுக்கு ஊகம்தான்.

எண்களுக்குள் வரும் கமா இன்னும் நுட்பமானது. இந்திய முறையில் ஒரு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூற்று நாற்பது என்பது 1,25,640. எக்ஸெலில் அந்தக் கட்டத்துக்குக் கமா வடிவம் கொடுத்திருந்தால், சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது திரையில் தெரிவதே கோப்பில் போய் விழும். கமா இருப்பதால் எக்ஸெல் தானாகவே மேற்கோளும் போட்டுவிடும். புலம் உடையாது, அதுவரை சரி. ஆனால் மறுமுனையில் படிக்கும் நிரல் அதை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்க்கும். எழுத்தைக் கூட்டச் சொன்னால் சில மென்பொருள்கள் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும். மேற்கோள் போடாத மென்பொருளிலிருந்து அதே தொகை வந்தால் ஒரு லட்சத்துச் சொச்சம் 1, 25, 640 என்று மூன்று புலங்களாகச் சிதறும். சேமிப்பதற்கு முன் எண் நெடுவரிசைகளின் வடிவத்தைப் பொதுவாக்கிவிடுவதே வழி. கமா திரைக்கும் அச்சுக்கும் உரியது. சேர்க்கப் போகும் கோப்பில் அதற்கு வேலை இல்லை.

ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் ரஷ்யாவிலும் தசமப் புள்ளிக்குப் பதில் கமா. நீலகிரித் தேயிலையைச் சோவியத் காலம் தொட்டு வாங்கிவந்த நாடு ரஷ்யா என்பதால், குன்னூர் ஏற்றுமதியாளர்களின் மேசைகளில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. அங்கிருந்து வரும் பட்டியலில் 2,35 என்றால் இரண்டே கால் டாலருக்கும் கொஞ்சம் மேலே. இருநூற்று முப்பத்தைந்து அல்ல. அந்த நாடுகளின் விண்டோஸ் அமைப்பில் எக்ஸெல் சிஎஸ்வி என்று சேமித்தாலும் புலங்களைப் பிரிப்பது அரைப்புள்ளிதான். அந்தக் கோப்பை இந்திய அமைப்புள்ள கணினியில் திறந்தால் முழு வரியும் ஒரே கட்டத்தில் வந்து நிற்கும், அல்லது தசமக் கமாவில் வெட்டுப்படும். கோப்பின் முதல் வரியில் பிரிப்பான் எது என்று எக்ஸெலுக்குச் சொல்லிவைக்கும் ஒரு வழக்கம் உண்டு. எக்ஸெல் அதைப் புரிந்துகொள்ளும். மற்ற மென்பொருள்கள் அந்த வரியையும் ஒரு தகவலாகவே படித்துவிடும்.

கமா தொல்லை தருகிறது என்றால் வேறு குறியை வைத்துக்கொள்ளலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். ஆஸ்கி குறிமுறையை வகுத்தவர்களே அதை யோசித்திருக்கிறார்கள். 28 முதல் 31 வரை உள்ள நான்கு குறிகள் கோப்பு, தொகுதி, பதிவு, புலம் ஆகியவற்றைப் பிரிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. விசைப்பலகையில் அவற்றுக்கு விசை இல்லை, திரையில் உருவம் இல்லை. ஆகவே அன்றாடக் கோப்புகளில் யாரும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. நடைமுறையில் எஞ்சுவது டேப், நெடுங்கோடு (|), அரைப்புள்ளி. நெடுங்கோடு மனிதர் எழுதும் எழுத்தில் அநேகமாக வருவதே இல்லை. அரசு அலுவலகங்களும் வங்கிகளும் அதை விரும்புவதற்கு அதுவே காரணம். டேப்பும் நல்லது; ஆனால் பார்வைக்கு இடைவெளியைப் போலவே இருப்பதால், கையால் திருத்துகிறவர் டேப்பை அழித்துவிட்டு இடைவெளிகளைத் தட்டிவிடும் ஆபத்து உண்டு.

தமிழ்க் கோப்புகளுக்கு இந்தத் தேர்வில் வேறு எந்தக் கையேட்டிலும் காணாத ஒரு சிக்கல் இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் டிடிபி கடைகளில் புழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்தவை. கோப்பில் இருப்பது ஆங்கிலக் குறி. திரையில் தெரிவது தமிழ். பாமினியில் கமா விசையில் இருப்பது ‘இ’. அரைப்புள்ளி விசையில் இருப்பது மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. தமிழில் கமா வேண்டும் என்றால் அதற்கு வேறு ஒரு விசை.

அந்தத் தொழிற்சாலையின் சப்ளையர் பட்டியல் பாமினியில், வேர்ட் அட்டவணையாக இருந்தது. அட்டவணையை உரையாக மாற்று என்று ஆணையிட்டு, பிரிப்பானாகக் கமாவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த மாற்றத்தில் மேற்கோள்குறி விழவில்லை. விளைவு விசித்திரமாக இருந்தது. பெரும்பாலான வரிகள் சரியாக விழுந்தன. இராமன், இலட்சுமி, இராஜம்மாள் என்று பழைய முறையில் ‘இ’ போட்டு எழுதிய பெயர்கள் மட்டும் பெயர்க் கட்டம் காலியாகி, ராமனும் லட்சுமியும் ஊர்க் கட்டத்துக்குப் போயிருந்தார்கள். முகவரியில் இருந்த உண்மையான கமாக்களோ வேறு விசையில் இருந்ததால் ஒரு தொந்தரவும் தரவில்லை. ‘இ’யில் தொடங்கும் பெயர்கள் மட்டும் ஏன் கெடுகின்றன என்பது பாமினியில் தட்டச்சு செய்யத் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கும் வரை யாருக்கும் பிடிபடவில்லை. அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்: குன்னூர் என்ற ஒரு சொல்லிலேயே இரண்டு வெட்டு.

முழுக் கோப்பையும் ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிடலாம் என்ற யோசனையும் இங்கே உதவாது. மாற்றிக்குப் பிரிப்பான் எது, ‘இ’ எது என்று தெரியாது. எல்லாக் கமாவையும் ‘இ’ ஆக்கிவிடும். முதலில் புலங்களைப் பிரித்து, பிறகு தமிழ் உள்ள நெடுவரிசைகளை மட்டும் மாற்ற வேண்டும். வேர்ட் கோப்புக்கே திரும்பிப் போய், பிரிப்பானாக டேப்பை வைத்து மறுபடியும் எடுத்தபோது எல்லாம் நேரானது. பாமினியின் எந்த எழுத்தும் டேப்பில் இல்லை. தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16 குறிமுறையையும் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முன் தட்டச்சு செய்த பட்டியல்கள் கூட்டுறவுச் சங்கங்களிலும் கோயில் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைச் சேர்க்கப் போகிறவர்கள் எழுத்துரு எது என்று கேட்காமல் கமாவைத் தொடக் கூடாது.

யூனிகோடான பிறகும் இரண்டு விஷயம் மிச்சம். சாதாரண சிஎஸ்வி என்று எக்ஸெலில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்; அவற்றை மீட்க வழியே இல்லை. 2016 பதிப்பு முதல் யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்று தனி வகை இருக்கிறது. அதைத்தான் எடுக்க வேண்டும். அது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் அடையாளம் ஒன்றை வைக்கும். எக்ஸெலுக்கு அது வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் குப்பையாகத் தெரியும். வேறு சில நிரல்களோ அந்த மூன்று பைட்டையும் முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். தலைப்பு ‘எண்’ என்று கண்ணுக்குத் தெரியும். அந்தப் பெயரில் நெடுவரிசையே இல்லை என்று நிரல் சாதிக்கும். இரண்டாவது, கட்டத்துக்குள் வரி உடைப்பு. ஏஜென்ட்டுகள் முகவரியை அழகாக மூன்று வரியில் எழுத ஆல்ட்டும் என்டரும் சேர்த்துத் தட்டியிருந்தார்கள். மேற்கோளுக்குள் இருந்தால் வரி உடைப்பும் புலத்தின் பகுதிதான், ஆனால் வரிகளை எண்ணிப் பதிவுகளின் எண்ணிக்கை என்று நம்பினால் கணக்குத் தப்பும்.

சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் எக்ஸெலில் திறந்து, பார்த்துவிட்டு, சேமித்து மூடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. அதைப் போலச் சேதம் விளைவிப்பதும் வேறொன்றில்லை. 0412 என்ற சப்ளையர் எண் 412 ஆகும். ஊட்டி, குன்னூர்த் தொலைபேசிக் குறி 0423 என்பது 423 ஆகும். பன்னிரண்டு இலக்கமும் அதற்கு மேலும் நீளும் வங்கிக் கணக்கு எண்கள் 1.23E+11 என்ற பாணியில் சுருங்கித் தெரியும். அப்படியே சேமித்தால் அந்தச் சுருக்கமே கோப்பில் நிற்கும். பதினைந்து இலக்கத்துக்கு மேல் எக்ஸெல் எண்ணாக வைத்துக்கொள்ளாது. பதினாறாவது இலக்கம் பூஜ்யமாகிவிடும். உலகம் முழுக்க உள்ள தொல்லை இது. மரபணுக்களின் பெயர்களை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுப் பெயர்க் குழு 2020-இல் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. மென்பொருளைத் திருத்துவதைவிட அறிவியல் பெயரைத் திருத்துவது சுலபமாக இருந்திருக்கிறது! இரட்டைச் சொடுக்கு வேண்டாம். தரவு இறக்குமதி வழியாகப் போய், எண் போலத் தோன்றும் அடையாளங்களை எல்லாம் உரை என்று குறித்துத் திறந்தால் இவை எதுவும் நேராது.

பிரிப்பான்கள் நேரான பிறகுதான் இணைப்பு. எதை வைத்து இணைப்பது என்பதில் மலையூர்களுக்கு ஒரே பதில்தான்: பெயரை வைத்து அல்ல. ஒரே ஹட்டியில் ஒரே இனிஷியலோடு நான்கு பெள்ளியும் மூன்று போஜனும் இருப்பார்கள். ஒரே ஊரை ஒருவர் ஊட்டி என்பார், மற்றவர் உதகை என்பார், மூன்றாமவர் உதகமண்டலம் என்று முழுதாக எழுதுவார். ஒரே எழுத்தாகத் தெரிவதும் ஒன்றாக இருப்பதில்லை. கோத்தகிரியின் ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம்; கண்ணுக்கு வேறுபாடு இல்லை, கணினிக்கு இரண்டும் வேறு சொல். தேயிலை வாரியம் சிறு விவசாயிகளுக்குக் கொடுத்த அடையாள அட்டையின் எண் சிறந்த இணைப்புத் திறவாக இருந்திருக்கும். எல்லாரும் அட்டை வாங்கியிருக்கவில்லை என்பதால், தொழிற்சாலையின் நான்கிலக்க எண்ணே திறவாயிற்று. அதற்கும் முன்பூஜ்யத்தை மீட்டு, பின்னால் ஒட்டிய இடைவெளிகளை வெட்டிய பிறகுதான் மூன்று கோப்பும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன.

அடுத்தடுத்து இரண்டு கமா வந்தால் நடுவில் ஒன்றும் இல்லை என்று பொருள். ஒன்றும் இல்லாதது வேறு, பூஜ்யம் வேறு. கொழுந்துக் கணக்கில் பூஜ்யம் என்றால் அந்தச் சப்ளையர் அன்று இலை போடவில்லை; காலி என்றால் சீட்டு பதிவாகவில்லை, தேடிப் பார்க்க வேண்டும். ஈரக் கழிவில் தகராறு வந்தபோது பக்கத்து எஸ்டேட்டின் மழைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தார்கள்; அங்கேயும் இதே கேள்வி. மழை பெய்யாத நாளும் மழைமானியைப் பார்க்காத நாளும் ஒரே காலிக் கட்டமாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் மழையற்ற நாள்களாகத் தெரிந்ததற்கு வானம் காரணமல்ல. தேதியிலும் ஒரு பொறி உண்டு. இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி மழை காலை 8.30-க்கு அளக்கப்பட்டு அந்த நாளின் பெயரில் எழுதப்படுகிறது. அதற்கு முந்தைய 24 மணி நேர மழை அது. ஒன்பதாம் தேதி மழையாகப் பதிவானது பெரும்பாலும் எட்டாம் தேதி இலையை நனைத்த மழை. தேதியை அப்படியே திறவாக வைத்து இணைத்தால் ஈர இலைக்கும் மழைக்கும் தொடர்பே இல்லாதது போலத் தெரியும். 2019 ஆகஸ்ட் 8-இல் நீலகிரியின் அவலாஞ்சியில் பதிவான 82 சென்டிமீட்டர் மழையையும் இந்த வழக்கம் தெரிந்துதான் படிக்க வேண்டும்.

இணைத்த கோப்பைச் சரிபார்க்க ஒரு பழைய கணக்கர் முறையே போதும்: சேர்ப்பதற்கு முன் கூட்டு, சேர்த்த பின் கூட்டு. மாதத்தின் மொத்த நிகர எடை இரண்டு பக்கமும் கிலோவுக்குக் கிலோ ஒத்துப்போக வேண்டும். கூடியிருந்தால், வங்கிப் பட்டியலில் யாருக்கோ இரண்டு கணக்கு எண்கள் இருக்கின்றன, அவருடைய கொழுந்து இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. குறைந்திருந்தால், யாருடைய எண்ணோ மறுபக்கத்தில் இல்லை. கூட்டுத்தொகை ஒத்துப்போன பிறகும் இணையாமல் நின்றவர்களின் பட்டியலைத் தனியாக அச்சிட்டு லாரி போகும் வழியில் ஒவ்வொருவரிடமும் காட்டிக் கேட்டார்கள். எந்தச் சூத்திரத்தையும் விட அது அதிகம் உதவியது.

கடைசி வேலை கடிதம். இனிப் பணம் வங்கிக்கு வரும், கீழே உள்ள கணக்கு எண் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு தாள். வேர்டின் மெயில் மெர்ஜும் அச்சகங்களில் புழங்கும் இன்டிசைனின் டேட்டா மெர்ஜும் இதற்கானவை. இரண்டும் கமாக் கோப்பையும் டேப் கோப்பையும் படிக்கும். முதல் வரியில் தலைப்புகள் இருக்க வேண்டும். ஒரே தலைப்பு இரண்டு முறை வரக் கூடாது. இன்டிசைனில் தலைப்பின் முன் @ குறி இருந்தால் அந்தப் புலம் படத்தின் கோப்புப் பெயர் என்று பொருளாகும். தெரியாமல் வந்துவிட்டால் எழுத்து வரவேண்டிய இடத்தில் படத்தைத் தேடும். முகவரியை ஒரே புலமாக வைக்காமல் ஊர், அஞ்சல், வட்டம் என்று தனித்தனிப் புலங்களாக்கி, கமாவைக் கடித வார்ப்பிலேயே போட்டுவிட்டால் கோப்புக்குள் கமாவே தேவைப்படாது. அஞ்சல் இல்லாதவருக்கு மட்டும் ‘நடுஹட்டி, , கோத்தகிரி’ என்று இரண்டு கமா சேர்ந்து விழும். அதற்கு வார்ப்பில் ஒரு நிபந்தனை வைக்க வேண்டும். முழுவதையும் அச்சடிக்கும் முன் மிக நீளமான முகவரி, மிகக் குட்டையான முகவரி, காலிப் புலம் உள்ள ஒன்று என்று பொறுக்கி எடுத்து அச்சிட்டுப் பார்ப்பது தாளை மிச்சமாக்கும்.

யாருக்காவது சிஎஸ்வி கோப்பு அனுப்புகிறவர்கள் அதோடு நான்கு செய்திகளைச் சேர்த்து அனுப்பினால் போதும்: பிரிப்பான் எது, எழுத்துக் குறிமுறை எது, பதிவுகள் எத்தனை, முக்கியமான எண் நெடுவரிசையின் கூட்டுத்தொகை எவ்வளவு. வாங்குகிறவர்கள் மூலக் கோப்பைத் திருத்தாமல் அப்படியே எடுத்துவைத்துவிட்டு, நகலில் மட்டும் கை வைக்கட்டும்.